நேர்ந்துவிட்ட ஆட்டின் முதுமை

கறிக்கடை பாய் இரண்டு விரல்களை ஆட்டின் உதட்டுக்குள் நுழைத்துக் கீழ்த்தாடையைத் திறந்து பார்த்தார். பக்ரீத்துக்கு முன்னால் எளாவூர்ப் பக்கம் வீடு வீடாக வந்து ஆடு பார்ப்பது அவர் வழக்கம். வாய்க்குள் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார். இரண்டு பல் என்றால் குட்டி, நாலு பல் என்றால் இளசு, எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் முற்றல். எங்கள் ஆட்டின் வாயை ஒருமுறை பார்த்து மூடியவர், நம்பாதவர் போல மறுபடியும் திறந்து பார்த்தார். பிறகு விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் நின்றிருந்தான்.

“இன்னாமா இது, வாயில பல்லே இல்ல? ரெண்டே ரெண்டு தொங்கிக்கினு கீது. நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து ஆடு அறுக்கறேன். ஆடு கெழவனானா எப்டி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“நேர்ந்துவுட்ட ஆடு பாய். விக்கறதுக்கு இல்ல” என்றாள் அம்மா. பாய் தலையை ஆட்டினார். “ரொம்ப நாள் தாங்காதும்மா” என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது ஆட்டைப் பற்றி. என் அண்ணன் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். வெளுத்துப்போன அவன் முகத்தைப் பார்த்து நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த பயம் இந்த வயதிலும் என்னை விடவில்லை.

அந்த ஆடு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி, இழுப்பு வந்து, கண் மேலே செருகிவிட்டதாம். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, ஏரிக்கரை எல்லையம்மன் முன்னால் விழுந்து, “எம்புள்ளயக் குடு, அது உயிருக்கு ஒரு உயிர் தரேன்” என்று வாய்விட்டுச் சொன்னாள். மனசுக்குள் நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம், வாய்விட்டுச் சொல்லிவிட்டால் சொன்னதுதான் என்பது எங்கள் ஜனங்களின் கட்டளை. அண்ணன் பிழைத்தான். களை பறித்த கூலியில் அம்மா ஒரு கறுப்புக் கிடாக்குட்டியை வாங்கி, காது நுனியை அறுத்து அம்மனுக்கென்று நேர்ந்துவிட்டாள். அண்ணனுக்குக் காது குத்தும்போது வெட்டுவதாக ஏற்பாடு.

அதற்குள் நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை கிடைத்துவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மில்லில் கூட வேலை பார்த்தவர்களோடு அவர் சபைக்குப் போகத் தொடங்கினார். கொஞ்ச நாளில் குடும்பமே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டது. நான் பிறந்தது அதற்குப் பிறகுதான். காது குத்தும் நின்றது, கிடா வெட்டும் நின்றது. “நமக்காக இயேசுன்னு ஒரு ஆட்டுக்குட்டி ஏற்கெனவே செத்தாச்சு, இனி வேற ஆடு தேவையில்ல” என்று பாஸ்டர் அழகாகச் சொன்னாராம். அப்படியானால் விற்றுவிடலாமே என்றார் நைனா. அம்மா மசியவில்லை.

“நேர்ந்துவுட்டத வித்துத் துன்னுட்டு, நாளைக்கு அதுக்குப் பதிலா ஆத்தா இவன் உயிரக் கேட்டா நீ குடுப்பியா?”

இந்த ஒரு கேள்வியை அம்மா எத்தனை தடவை கேட்டிருப்பாளோ, கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் அங்கேதான் இருந்தான். இயேசுவுக்குப் பயந்து வெட்டவில்லை, அம்மனுக்குப் பயந்து விற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பயப்படுவதற்கு மட்டும் என்றைக்கும் ஆள் குறைந்ததில்லை. ஆடு இதெல்லாம் தெரியாமல் தின்று வளர்ந்துகொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள், கிழட்டு ஆட்டை யார் பார்த்திருக்கிறார்கள்? கிழட்டுக் கோழியை? கிழட்டுக் காக்கையைக்கூட நான் பார்த்ததாக நினைவில்லை. கறிக்கென்று வளர்ப்பது இளசிலேயே போய்விடுகிறது. வெளியில் திரிவது, கால் கொஞ்சம் தளர்ந்தால் போதும், நாய்க்கோ லாரிக்கோ அகப்பட்டுவிடுகிறது. ஒரு பிராணி கிழடாவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் யாராவது அதைச் சாகவிடாமல் காபந்து பண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் பண்ணினோம். அதனால் தெருவில் வேறெந்தப் பிள்ளையும் பார்க்காததை நானும் அண்ணனும் பார்த்தோம். அது பார்க்கக் கூடாத காட்சி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் தாடி வெளுத்தது, பிறகு மூக்கைச் சுற்றிலும் நரை. முன்னங்கால் முட்டிகள் வீங்கிக்கொண்டன. படுத்தால் எழுந்திருக்கும் முன் முட்டி போட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பிறகு ஒரு முனகலோடு எழும். நடமாட்டம் குறைந்ததில் குளம்பு தேயாமல் வளர்ந்து முன்பக்கம் வளைந்துகொண்டது. நைனா அரிவாளால் சீவிவிடுவார். கண்ணில் பால் படர்ந்தது. எங்கள் ஊர் செக்போஸ்டில் காத்துக் கிடக்கும் லாரிகளிலிருந்து யாராவது வாழைப்பழத் தோலை எறிந்தால் பாய்ந்து கவ்விக்கொண்டு வருகிற ஆடு, தோலைக் காலடியில் போட்டாலும் மோந்துவிட்டு அண்ணனின் முகத்தைப் பார்க்கும். அவன் அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து ஊட்டுவான்.

அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தவழ்ந்தவர்கள் என்பாள் அம்மா. அண்ணன் தட்டுத் தடுமாறி நடக்கக் கற்றபோது ஆடு துள்ளிக்கொண்டிருந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அது அவனை ஒரே முட்டில் சாக்கடையில் தள்ளியது. அவனுக்கு மீசை அரும்பும்போது அதற்குப் பல் விழுந்தது. ஒரே நாளில் கிளம்பிய இரண்டு பேரில் ஒருத்தன் வேகமாக முன்னால் ஓடி, வழி முடிகிற இடத்தில் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறவனுக்கு எப்படி இருக்கும்? அண்ணன் தினமும் அந்தப் பார்வைக்கு முன்னால்தான் காலை நாஷ்டா சாப்பிட்டான்.

பாய் வந்து போன மறுநாள் அண்ணன் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று, “சார், ஆடு எவ்ளோ வருஷம் உயிரோட இருக்கும்?” என்று கேட்டிருக்கிறான். எலிக்கு இத்தனை, நாய்க்கு இத்தனை, யானைக்கு இத்தனை என்று பாடம் நடந்துகொண்டிருந்தது. பெரிய உடம்பு மெதுவாக மூப்படையும், சின்ன உடம்பு சீக்கிரம் மூப்படையும் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆடு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கு எங்கடா வயசாகும்? அதுக்கு முன்னாடி பிரியாணி ஆயிடுமே” என்றார். வகுப்பே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மாட்டுக்கொட்டகை ஓரத்தில் வாந்தி எடுத்தான்.

அதன் பிறகு வீட்டில் ஆட்டுக்கு நடந்த ராஜவைத்தியம் வேறு எங்கும் நடந்திருக்காது. அண்ணன் புண்ணாக்கை ஊறவைத்துக் கூழாக்கிக் கையால் ஊட்டினான். சபையில் கொடுத்த ஜெப எண்ணெயை யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து அதன் முட்டியில் தேய்த்தான். அம்மா ஒரு பக்கம் எல்லையம்மன் கோவில் குங்குமத்தை முடிந்துகொண்டு வந்து, நைனா பார்க்காதபடி கொம்புகளுக்கு நடுவே மயிரை விலக்கித் தடவினாள். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் ஆட்டிடம் வந்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டார்கள். அவரவர் தடவ வேண்டியதைத் தடவிவிட்டுப் போனார்கள். நான் காலையில் கண் விழித்ததும் பாயை விட்டு எழாமலேயே கழுத்தை நீட்டி, ஆடு நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் அண்ணன் இன்றைக்கு இருப்பான். படுத்திருந்தால் அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும் வரை எனக்கு மூச்சு வராது.

மழைக்காலத்தில் ஒருநாள் ஆடு விழுந்தது, எழவில்லை. அம்மா எல்லையம்மன் கோவில் பூசாரியிடம் ஓடினாள். கிறிஸ்தவச்சியான பிறகு அவள் அந்தப் படியை வெளிப்படையாக மிதித்தது அன்றைக்குத்தான். உயிர் போவதற்குள் வெட்டிவிட்டால் சொன்ன சொல் நிறைவேறிவிடும், சபையில் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று துணிந்துவிட்டாள். பூசாரி வந்தார், பார்த்தார்.

“இத்தயா ஆத்தாளுக்குக் குடுக்கப் போற? பல்லு போயி, கண்ணு போயி, காலு போயி கீது. கொறையில்லாத ஆடுதாம்மா அவ வாங்குவா. குடுக்க வேண்டிய வயசுல குடுக்காம வெச்சிக்கினு இருந்துட்ட. இப்போ நான் இன்னா பண்றது?”

அவர் மேல் தப்பில்லை. சாமிக்கு விடுகிற உயிர் முழுசாக இருக்க வேண்டும். எங்கள் அம்மாவின் பயம் அதை முழுசாக இருக்கவிடவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் போய் ஆட்டின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் அவன் சட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆடு போகும்போது ஒன்றும் ஆர்ப்பாட்டமில்லை. மூச்சு நீளநீளமாக வந்தது, பிறகு வரவில்லை. அண்ணன் தன் கையைத் தன் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

மறுநாள் காலை அண்ணன் குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாயை விரித்துப் படுத்துவிட்டான். என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, நா பூட்டா என் சைக்கிள நீ எட்த்துக்க. பின்னாடி டயர்ல காத்து நிக்காது, பஞ்சர் பாத்துக்க” என்றான். நைனா வேலைக்குப் போகவில்லை. அம்மா அவன் மணிக்கட்டை விடவேயில்லை. இத்தனைக்கும் அவனுக்கு உடம்பில் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு சாவுக்குக் காத்திருந்தோம், அவ்வளவுதான். மத்தியானம் தாண்டியது. பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. அண்ணன் கூரையைப் பார்த்தபடியே, வெட்கப்பட்டுக்கொண்டு, “பசிக்குதும்மா” என்றான். அம்மா அன்றைக்கு அழுத அழுகை மாதிரி அவள் சாகும் வரை அழுது நான் பார்த்ததில்லை.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆடு செத்தது, அண்ணன் சாகவில்லை, ஆகவே வேண்டுதலும் உயிருக்கு உயிரும் வெறும் பேச்சு. என் புத்தி இதைத்தான் சொல்கிறது. பயம் புத்தியிடம் யோசனை கேட்டுக்கொண்டா வருகிறது?

அண்ணன் நைனா வேலை பார்த்த அதே ரோலிங் மில்லில் சேர்ந்தான். ஃபர்னஸிலிருந்து பழுத்து வருகிற இரும்பை இடுக்கியால் பிடித்துத் தள்ளுகிற வேலை. நான் பிளஸ் டூ முடித்து, காக்களூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்து, கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்தேன். எனக்கும் அவனுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். என் தலையில் இப்போதுதான் அங்கங்கே வெள்ளை தெரிகிறது. அண்ணனுக்கு முப்பத்தைந்திலேயே தலை முழுக்க வெளுத்துவிட்டது. அனலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் புரை விழுந்தது. பல் ஆடியது, கொட்டியது. முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் கையை ஊன்றி, கொஞ்சம் நிதானித்து, முனகிக்கொண்டுதான் எழுகிறான். ஒருமுறை அவன் அப்படி எழுந்ததைப் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அது இவன் உயிர எட்த்துக்கினு போவலடி. அதோட கெழத்த இவன்கிட்ட வுட்டுட்டுப் போயிருச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. மில்லின் அனலும் இரும்புத் தூசியும் இரண்டு ஷிஃப்ட் உழைப்பும் செய்ததற்குச் செத்த ஆட்டின் மேல் பழியா என்று சண்டை போட்டேன். அவனோடு வேலை பார்க்கிறவர்களைப் போய்ப் பார், எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலெல்லாம் ஆடா நேர்ந்துவிட்டார்கள் என்றேன். நான் சொன்னதுதான் நியாயம். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவின் வார்த்தைதான் கூட வந்தது.

வயது என்பது வேறு, மூப்பு என்பது வேறு. இது எனக்கு அந்த ஆட்டினால் தெரிந்தது. அதற்குக் கிடைத்தவை மனிதப் பிள்ளை மீசை முளைக்கிற அளவு வருஷங்கள்தான். அதற்குள் குழந்தைப் பருவம், திமிர், தளர்ச்சி எல்லாவற்றையும் அது ஒழுங்காக முடித்துவிட்டது. நமக்கு வருகிற அதே முட்டி, அதே புரை, அதே நரை, அதே வரிசை. எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் கிளி வளர்க்கிறார்கள். வீட்டுக்காரர் கறுப்பு மீசையோடு வாங்கி வந்தது, இன்று அவர் கம்பு ஊன்றி நடக்கிறார், கிளி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு வேகம் வைத்து அனுப்பியிருக்கிறது. அந்த வேகம் இனத்துக்கு இனம்தான் மாறும் என்று சார் பாடம் நடத்தினார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்குள்ளும் மாறும் என்பதை அவர் நடத்தவில்லை. அண்ணனோடு நடந்து போனால் கடைக்காரர்கள் என்னைப் பார்த்து, “அப்பாவுக்கு ஒரு சேர் போடவாம்மா?” என்கிறார்கள். அவன் குஷியாக உட்கார்ந்துகொள்கிறான். அவன் எழும்போது வரப்போகும் முனகலுக்கு நான் காத்து நிற்கிறேன்.

போன மழைக்காலத்தில் அண்ணனின் பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வயதுகூட ஆகவில்லை. திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன, இன்றும் நாளையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணனின் மருமகள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, சபைக்குப் போகாத, சாமி கும்பிடுகிற குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் முந்தானையை ஏந்தி, “கொலதெய்வமே, புள்ளயக் காப்பாத்து, உனக்கு ஒரு கெடா…” என்று ஆரம்பித்தார். அதுவரை பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த அண்ணன் சட்டென்று கையை நீட்டித் தடுத்தான்.

“வாணாம் சம்பந்தி. ஆட்ட வாணாம். அதுக்கு இன்னா தெரியும் பாவம்?”

“புள்ள பொழைக்கணுமே சம்பந்தி.”

“பொழைக்கும். உயிருக்கு உயிரு, அவ்ளோதானே? என்ன நேர்ந்துவுட்ருங்க. நாந்தான் ஏற்கெனவே பாதி ஆடு.” சொல்லிவிட்டுப் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான். நான் அவன் வாயைப் பொத்தப் போனேன். அவன் என் கையை விலக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக் கூரையை நிமிர்ந்து பார்த்து, யாருக்கென்று தெரியவில்லை, எல்லையம்மனுக்கா, இயேசுவுக்கா, அந்தக் குலதெய்வத்துக்கா, வாய்விட்டுத் தெளிவாகச் சொன்னான். “நா சொல்ட்டேன்.”

மறுநாள் மாலை காய்ச்சல் இறங்கியது. அணுக்கள் ஏறத் தொடங்கின. மருந்து வேலை செய்தது, டாக்டரும் நர்சுகளும் தூங்காமல் பார்த்துக்கொண்டார்கள். இதுதான் நடந்தது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவன் தின்றதை, நடந்ததை, மூச்சு விட்டதை ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தினமும் காலையில் எழுந்ததும் அவனுக்குப் போன் போடுகிறேன். மணி அடிக்க அடிக்க எண்ணிக்கொண்டிருப்பேன். அவன் எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை. எதற்குக் கூப்பிடுகிறேன் என்று அவனுக்குத் தெரியும். “கீறேன் பாப்பா, கீறேன்” என்பான். பின்னால் அந்தக் குழந்தையின் சத்தம் கேட்கும். முதலில் மழலையாகக் கேட்டது, இப்போது ஓடுகிற சத்தம் கேட்கிறது. எதையோ தள்ளிவிட்டுச் சிரிக்கிறது. “இன்னா தெம்பா கீது பாரு” என்று அண்ணன் பெருமையாகச் சொல்கிறான். ஆமாம் அண்ணா என்கிறேன். அது தெம்பாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடுகிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?